தூணைச் சுற்றி ஒரு விரல் இடுக்கு

"போல்ட்டை நீங்க ஒழுங்கா முறுக்கியிருந்தா இப்புடி..."

"நான் முறுக்கலையா? ரெஞ்சு 'டிக்'குன்னு சத்தம் கொடுக்குற வரைக்கும் முறுக்குனேன் மேடம், பக்கத்துல நின்னு பார்த்தது நீங்கதான..."

"அப்பறம் ஏங்க காலையில ஒண்ணு காட்டுது, சாயந்தரம் ஒண்ணு..."

"அதை உங்க லேப்டாப்புகிட்ட கேளுங்க. என் மிஷினுகிட்ட ஏன் கேக்குறீங்க?"

"உங்க மிஷினா? அது காலேஜு மிஷின்!"

"பதினேழு வருஷமா அதுக்கு கிரீஸ் போட்டது காலேஜா? நானு!"

கோட்டுச்சேரிக்கு மேற்கே, உழவுக்குக் காத்துக் கிடந்த ஒரு வயலில் காலை ஒன்பதரை மணிக்கு இந்தச் சண்டை நடந்துகொண்டிருந்தது. ஜெனரேட்டர் ஓடும்போது கத்திப் பேசிப் பழகிய இருவரும், அதை நிறுத்திய பிறகும் குரலைக் குறைக்க மறந்துபோயிருந்தார்கள். வரப்பில் நின்ற இரண்டு கொக்குகள், இவர்களோடு நமக்கென்ன என்பதுபோல் எழுந்து பக்கத்து வயலுக்குப் போய்விட்டன.

உமாமகேஸ்வரிக்கு முப்பத்தாறு வயது. பொறியியல் கல்லூரியில் பாடம் நடத்துவதும் மிஞ்சிய நேரத்தில் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்வதுமாக ஆறு வருஷத்தை ஓட்டிவிட்டாள். முருகானந்தம் அதே கல்லூரியின் ஆய்வுக்கூட டெக்னீஷியன். தலத்தெருவிலிருந்து ஸ்கூட்டரில் வருகிறவர். வயது ஐம்பதைத் தாண்டியும் மீசைக்கு மட்டும் இருபத்தைந்து. இருவருக்கும் நடுவில், சண்டைக்குக் காரணமான பைல், ஒன்றும் தெரியாததுபோல் நின்றுகொண்டிருந்தது.

கட்டடத்தின் பாரத்தை மண்ணுக்குள் ஆழமாக இறக்குவதற்காகப் புதைக்கும் கான்கிரீட் தூணுக்குத்தான் பைல் என்று பெயர். இது இரண்டு ஆள் உயரத்துக்கு மண்ணுக்குள் இருந்தது. வெளியே தெரிந்தது ஒரு சாண். அந்தத் தலைமேல், கட்டடத்தின் எடைக்குப் பதிலாக, சாப்பாட்டு மேசை அகலத்தில் இரும்புத் தகடுகளை அடுக்கி முறுக்கியிருந்தார்கள். அதற்கும் மேலே மிஷின். அதனுள் இரண்டு சக்கரங்கள், ஒருபக்கம் மட்டும் கனம் வைத்தவை. மோட்டாரைப் போட்டால் அவை சுழன்று தூணைப் பக்கவாட்டில் உலுக்கும். வேகத்தை மெல்ல மெல்லக் கூட்டிக்கொண்டே போனால் ஒரு வேகத்தில் தூண் சாமி வந்ததுபோல் ஆடும். அதைத் தாண்டினால் அடங்கிவிடும். எந்த வேகத்தில் அந்த ஆட்டம் என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. கடலோரக் களிமண்ணில் பெரிய மிஷின்களை வைக்கும் கட்டடம் கட்டுகிறவர்கள் அந்த வேகத்தைத் தெரிந்துகொள்ளாமல் கட்டினால், கட்டடத்துக்கும் சாமி வந்துவிடும்.

இருபத்திரண்டு நாளாகச் சோதனை. காலையில் நிமிஷத்துக்கு ஆயிரத்து நூற்று நாற்பது சுற்றில் ஆட்டம் உச்சிக்குப் போகும். நாளெல்லாம் ஓட்டிவிட்டுச் சாயந்தரம் பார்த்தால் தொள்ளாயிரத்து அறுபதிலேயே ஆடிவிடும். மறுநாள் காலை திரும்பவும் ஆயிரத்து நூற்று நாற்பது. நேற்று ஒன்றுமே நடக்காததுபோல.

"ஒரே தூணு, ஒரே மண்ணு. ராத்திரியில தூங்கி எந்திரிச்சு தெம்பாயிடுதா அது?" என்றாள் உமாமகேஸ்வரி.

"எனக்கே தூங்கி எந்திரிச்சா தெம்பு வர மாட்டேங்குது மேடம்."

"சிரிக்காதீங்க முருகானந்தம் சார். திங்கக்கிழமை கமிட்டி. இதுவரைக்கும் ரெண்டு தடவ அவகாசம் வாங்கியாச்சு, இனிமே கிடையாதுன்னு எழுதியே கொடுத்துட்டாங்க. இந்த மாதிரி முன்னுக்குப் பின் முரணா எண்ணைக் காட்டுனா, 'உங்க சென்சாரை முதல்ல சரி பண்ணுங்கம்மா'ன்னு வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. ஆறு வருஷம் போச்சு."

"மண்ணு விலகியிருக்குமோ? தூணு ஆடுறப்ப சுத்தியும் இடுக்கு விழும்னு நீங்கதான சொன்னீங்க?"

"விழுந்தா எண்ணு குறையும், சரி. குறைஞ்சது குறைஞ்சபடியே இருக்கணும்ல? காலையில ஏறுதே? விழுந்த இடுக்கு தானா மூடிக்குமா? அதுவும் போக, தினம் காலையில மிஷினைப் போடுறதுக்கு முன்னால தகட்டுக்கு அடியில டார்ச் அடிச்சுப் பார்க்குறேன். போட்டோ எடுக்குறேன். இடுக்கே இல்ல. மெழுகிவிட்ட மாதிரி இருக்கு மண்ணு."

"அப்ப சென்சாரு."

"அப்ப போல்ட்டு."

மறுபடியும் முதலிலிருந்து தொடங்கியிருப்பார்கள். அதற்குள் வரப்பில் குஞ்சம்மா வந்துகொண்டிருந்தாள். ஒரு கையில் டீ பிளாஸ்க், இன்னொரு கையில் அரிவாள், தலையில் ஆட்டுக்குப் புல்லுக்கட்டு.

நிலம் அவளுடையது. நாற்று விடும்வரை சும்மாதானே கிடக்கிறது என்று கல்லூரிக்குக் கொடுத்திருந்தாள். ராத்திரியில் மிஷினைப் பார்த்துக்கொள்வதும் அவள் பொறுப்பு. ஐம்பத்தைந்து வயது. பேச்சு எப்போதும் பாதியிலிருந்தே தொடங்கும்.

"...நல்ல மிஷினா வாங்க மாட்டாங்களா இந்தக் காலேஜுல? என்னதான் படிச்சாங்களோ!"

"என் மிஷினுக்கு என்னாக்கா குறைச்சல்?" முருகானந்தத்துக்கு ரோஷம் வந்துவிட்டது.

"என்ன குறைச்சலா? நல்லாக் கேட்டீங்க. தினம் சாயந்தரம் நீங்க போனதும் வந்து பார்த்தா, தூணைச் சுத்தி ஒரு விரல் போறாப்ல இடுக்கு. நானும் பொழுதோட களிமண்ணு குழைச்சு, ஈர்க்கை வச்சுக் குத்திக் குத்தி அடியில இறக்கி, மேல ஒரு மெழுகு மெழுகி விடுறேன். மறுநாளு பார்த்தா திரும்ப ஆ-ன்னு வாயைத் தொறந்துகிட்டு இருக்கு. இருபது நாளா இதே வேலையா இருக்கு எனக்கு. ஒரு அண்டா மண்ணு தின்னுருக்கும் உங்க தூணு. இந்தாங்க, டீயைக் குடிங்க, ஆறிடப் போவுது."

யாரும் டீயைக் கையில் வாங்கவில்லை.

"என்ன, ரெண்டு பேரும் இப்புடிப் பாக்குறீங்க? சர்க்கரை அளவாத்தான் போட்டுருக்கேன்."

"அக்கா," உமாமகேஸ்வரி தூணின் அடியைக் காட்டினாள், "மூடுனீங்களா? நீங்களா?"

"பின்ன? எங்க வயல்ல ஓட்டையைப் பார்த்துட்டு சும்மா போவச் சொல்றீங்களா டீச்சரம்மா? வரப்புல நண்டு வளை கண்டாக்கூட அடைச்சுட்டுத்தான் வூட்டுக்குப் போவேன். கல்யாணத்துக்குப் பட்டுப்புடவை கட்டிக்கிட்டுப் போறப்பக்கூட காலால மிதிச்சுட்டுப் போயிருக்கேன். அது பாட்டுக்குக் கெடந்தா தண்ணி உள்ள எறங்கி, வரப்பு உடைஞ்சு, நெல்லு நட்டதெல்லாம் சாஞ்சு..."

உமாமகேஸ்வரி லேப்டாப்பைத் திறந்தாள். காலைப் போட்டோக்கள் வரிசையாக வந்தன. ஒவ்வொன்றுக்கும் கீழே 'இடுக்கு இல்லை' என்று அவளே தட்டச்சு செய்திருந்தாள். ஒன்றைப் பெரிதாக்கினாள். வழவழவென்ற களிமண். அதில் நாலு விரல் தடம், பக்கத்தில் ஒரு கட்டைவிரல் தடம், ஒரு விரலடியில் மோதிரத்தின் வட்டம்கூட.

முருகானந்தம் எட்டிப் பார்த்தார். பிறகு குஞ்சம்மாவின் கையைப் பார்த்தார். மோதிரம் இருந்தது.

"மேடம்," என்றார், "நம்ம போல்ட்டைப் பத்தி இனிமே யாரும் பேசப்படாது."

உமாமகேஸ்வரிக்குக் கோபம் வந்ததா, அழுகை வந்ததா என்று அவளுக்கே தெரியவில்லை. வந்தது சிரிப்பு. வயல் நடுவில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு நின்றதும் லேப்டாப்பைத் திரும்பப் பார்த்தாள். இருபத்திரண்டு நாள் கணக்கும் குப்பையா?

"இருங்க, இருங்க. எல்லா நாளும் மூடுனீங்களாக்கா? ஒரு நாள்கூட விடலையா?"

"ஒரு நாளு விட்டுட்டேன்," குஞ்சம்மா குற்றவாளிபோல் தலையைக் குனிந்துகொண்டாள். "திருமலைராயன்பட்டினத்துல தங்கச்சி பேத்திக்குக் காதுகுத்து. அங்கயே தங்கும்படி ஆயிடுச்சு. மறுநாளு மத்தியானம்தான் வந்தேன். அது ஒண்ணுக்காவ கோவிச்சுக்காதீங்க."

"எந்தத் தேதி?"

"பதினொண்ணு. ஞாயித்துக்கெழமை."

உமாமகேஸ்வரி தேடினாள். பன்னிரண்டாம் தேதி காலை: தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டு. வகுப்புக்கு ஓடும் அவசரத்தில் அன்று மட்டும் டார்ச் அடித்துப் பார்க்கவில்லை, போட்டோவும் இல்லை. சிவப்பில் அடித்து, 'தவறான அளவீடு, நீக்கவும்' என்று பக்கத்தில் எழுதியிருந்தாள்.

"சரியா இருந்ததே அந்த ஒரு நாள்தான். அதைப் போயி அடிச்சு வச்சிருக்கேன்!"

"அப்பன்னா மீதி நாளும் தப்பு இல்ல மேடம்," முருகானந்தம் மீசையைத் தடவினார். "காலையில எடுத்தது இடுக்கு மூடுன கணக்கு. சாயந்தரம் எடுத்தது இடுக்கு விழுந்த கணக்கு. ரெண்டும் கெடைச்சுப்போச்சு. லாபந்தான?"

லாபம்தான். மண் தூணைப் பிடித்திருந்தால் எவ்வளவு, விட்டுவிட்டால் எவ்வளவு என்று இரண்டையும் ஒரே தூணில் இத்தனை முறை அளந்தவர்கள் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள். ஆனால் கமிட்டி முதலில் கேட்கும் கேள்வி அவளுக்குத் தெரியும். காலையில் எண் ஏறியது மூடியதால்தான் என்பதற்கு என்ன சாட்சி? ராத்திரி ஓய்வில் களிமண் தானாக இறுகி ஏறியிருக்கலாமே? காதுகுத்துக்குப் போன ஒரு நாளை வைத்துக்கொண்டு என்ன சொல்வது? இன்னும் ஒரே ஒரு இரவு, தெரிந்தே, அளந்து வைத்து, மூடாமல் விட வேண்டும். மறுநாள் காலை எண் ஏறாமல் நின்றால் பிழைத்தாள்.

"அக்கா, இன்னைக்கு ராத்திரி மட்டும் மூடாதீங்க."

"மூடாமயா?"

"ஆமா."

"தொறந்தேவா?"

"தொறந்தே."

"மேலாக்க கொஞ்சமா ஒரு பூச்சு மட்டும்..."

"ஒரு விரல்கூட வைக்கக் கூடாது."

குஞ்சம்மா டீ பிளாஸ்கைக் கீழே வைத்தாள். அவள் முகத்தைப் பார்த்தால், பெற்ற பிள்ளையைச் சாப்பாடு போடாமல் படுக்க வைக்கச் சொன்னதுபோல் இருந்தது.

"டீச்சரம்மா, மதகைத் திறக்குற லஸ்கரு வந்து சொல்லிட்டுப் போனாரு. வெள்ளிக்கெழம நம்ம வாய்க்கால்ல தண்ணி. கடைமடைக்குத் தண்ணி வர்றதே அதிசயம். வந்துச்சுன்னா இந்த ஓட்டையில..."

"வெள்ளிக்கிழமைதானேக்கா? இன்னைக்கு புதன். நாளைக்கு காலையில ஒன்பது மணிக்கு நான் வந்து பார்த்துட்டா, அப்பறம் நீங்க மூடிக்கலாம். சத்தியமா."

"ஒன்பதா?"

"எட்டு."

"ஏழுன்னு வச்சுக்குங்க. அதுக்கு மேல என்னால பார்த்துக்கிட்டு இருக்க முடியாது."

அன்று சாயந்தரம் கடைசி ஓட்டம் முடிந்ததும் உமாமகேஸ்வரி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தரையோடு தரையாகப் படுத்தாள். இத்தனை நாளில் அந்தத் தூணின் காலடியைச் சாயந்தரத்தில் அவள் பார்ப்பது அதுதான் முதல் தடவை. காலையில் பார்ப்பதுதான் முறை என்று புத்தகத்தில் இருந்ததால் காலையிலேயே பார்த்துவந்தாள். இடுக்கு கறுப்பாக, ஒரு வளையல்போல் தூணைச் சுற்றியிருந்தது. குஞ்சம்மா துடைப்பத்திலிருந்து ஒரு ஈர்க்கை உருவிக் கொடுத்தாள். உள்ளே விட்டு, தட்டும்வரை இறக்கி, நகத்தால் கிள்ளி எடுத்து, ஸ்கேலில் வைத்துப் பார்த்தாள். முப்பத்தொரு சென்டிமீட்டர். வேகம் தொள்ளாயிரத்து அறுபது.

"எழுதிக்கிட்டீங்களா?"

"எழுதிட்டேன்."

"அப்ப ஒரு பூச்சு..."

"அக்கா!"

போகும் வழியில், ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு முருகானந்தம் சொன்னார்: "இவ்வளவு கஷ்டம் எதுக்கு மேடம்? தினம் நாமளே திட்டம் போட்டு மூடுனோம்னு எழுதிடுங்க. யாரு வந்து கேக்கப் போறா? குஞ்சம்மாவா கமிட்டியில உக்காந்துருக்கு?"

"நீங்க மூடுனீங்களா?"

"இல்ல."

"நான் மூடுனேனா?"

"அதுவும் இல்ல."

"அப்பறம்?"

"சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்," என்று அவர் வண்டியைக் கிளப்பினார்.

வியாழக்கிழமை காலை ஆறே முக்காலுக்கு இருவரும் வந்தபோது, வாய்க்கால் சலசலவென்று பேசிக்கொண்டிருந்தது.

"வெள்ளிக்கிழமைன்னுதான சொன்னாங்க!" உமாமகேஸ்வரி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வரப்பில் ஓடினாள்.

மூன்று பக்கத்து வயல்களிலும் தண்ணீர். வெயில் விழுந்து கண்ணைப் பறித்தது. போன கொக்குகள் உறவுக்காரர்களோடு திரும்பி வந்திருந்தன. குஞ்சம்மாவின் வயல் மட்டும் காய்ந்து கிடந்தது. அதன் மடையில் வைக்கோலும் மண்ணுமாகப் பெரிய அடைப்பு. பக்கத்து வயலிலிருந்து கசிந்த தண்ணீர் ஓரமாக ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. தகடுகளுக்கு வெளியே, தூணுக்கு இரண்டு முழம் தள்ளி, முழங்கால் உயரத்துக்குப் புத்தம்புதிதாக ஒரு வட்ட வரப்பு. அதன்மேல் கவிழ்த்துப் போட்ட மண் சட்டியில் குஞ்சம்மா உட்கார்ந்திருந்தாள். முழங்கை வரை சேறு.

"தொடலை," என்றாள் எடுத்த எடுப்பில். "விடியக்காலம் கோழி கூவுறப்பவே தண்ணி வந்துடுச்சு. எல்லாரும் மடையைத் தொறந்துகிட்டு ஓடுறான், நான் ஒருத்தி மடையை அடைச்சுக்கிட்டு ஓடுறேன். பக்கத்து வயக்காரர், 'என்னா குஞ்சம்மா, புத்தி கெட்டுப்போச்சா?'ன்னு கேக்குறாரு. டீச்சரம்மாவுக்குப் பரீட்சைங்கன்னு சொன்னேன்."

"அக்கா..."

"அப்பயும் கசிஞ்சுச்சு. இடுக்குல எறங்கிட்டா நீங்க அழுவீங்களேன்னு சுத்தி வரப்பு போட்டேன். உள்ள ஒரு சொட்டு போவலை. தொட்டுப் பாத்துக்குங்க. ஆனா நான் தொடலை. ஈர்க்கக்கூட வுடல."

உமாமகேஸ்வரி வட்ட வரப்பைத் தாண்டி உள்ளே படுத்தாள். மண் உலர்ந்திருந்தது. இடுக்கு நேற்று விட்டபடியே கறுப்பாக இருந்தது. ஈர்க்கு முப்பத்தொன்றிலேயே தட்டியது. போட்டோ எடுத்தாள். இந்தத் தடவை விரல் தடம் ஏதும் இல்லை.

மேட்டில் இருந்த ஜெனரேட்டரை முருகானந்தம் இழுத்துக் கிளப்பினார். வேகத்தை மெல்லக் கூட்டினார். எண்ணூறு. எண்ணூற்றைம்பது. தொள்ளாயிரம். உமாமகேஸ்வரி ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டாள். தொள்ளாயிரத்து முப்பது. தகடுகள் முனகத் தொடங்கின. ஐம்பது. அறுபதைத் தொடும்போது தூணுக்குச் சாமி வந்தது. ஏறு ஏறு என்று மேலே போனார், ஆட்டம் அடங்கியது. ஆயிரத்து நூற்று நாற்பதில் மிஷின் சாதுவாக உறுமிக்கொண்டு நின்றது.

"ஏறலை!" என்று கத்தினார் முருகானந்தம். "மேடம், ஏறலை! ராத்திரி தூங்கியும் தெம்பு வரலை அதுக்கு!"

உமாமகேஸ்வரி அவரைக் கட்டிப்பிடிக்கப் போய், நினைவு வந்து, குஞ்சம்மாவைக் கட்டிப்பிடித்தாள். புடவை முழுக்கச் சேறு.

அவளுடைய கைடு சோமசேகரன் சாரை அப்போதே போனில் கூப்பிட்டாள். அவர் நடைப்பயிற்சியில் இருந்தார். மூச்சு வாங்கக் கேட்டார்.

"பிரமாதம்மா. திங்கக்கிழமை இதையே காட்டு. ஒண்ணே ஒண்ணு. 'ஆய்வாளரின் மேற்பார்வையில் இடுக்கு நிரப்பப்பட்டது'ன்னு ஒரு வரி சேர்த்துடு. எவனும் கேள்வி கேக்க மாட்டான்."

"மேற்பார்வை இல்ல சார். எனக்கே நேத்துதான் தெரியும்."

"அப்ப என்னன்னு எழுதப் போற?"

பக்கத்து வயலில் தண்ணீர் வரப்பின் விளிம்பைத் தொட்டுவிட்டது. குஞ்சம்மா எழுந்து நின்றாள். வலது கையில் குழைத்து உருட்டி வைத்திருந்த களிமண் உருண்டை. கண் ஒருமுறை மடைக்குப் போகும், ஒருமுறை தூணுக்கு வரும்.

"நடந்ததை எழுதுறேன் சார். 'நிலத்தின் உரிமையாளர் குஞ்சம்மா, ஆய்வாளரைக் கேட்காமல், தம் வழக்கப்படி, தினமும் மாலையில் அந்த வயலின் களிமண்ணைக் குழைத்து மூடினார். பதினோராம் தேதி மட்டும் மூடவில்லை, காதுகுத்து.' எந்த மண்ணு, எவ்வளவு தண்ணி, எத்தனை குத்து, எல்லாத்தையும் அவங்ககிட்ட கேட்டு எழுதுறேன்."

"காதுகுத்தையுமா எழுதப் போற?"

"தேதிக்கு அதுதானே சார் சாட்சி?"

போனில் சிரிப்புச் சத்தம் கேட்டது. அதன் பிறகு அவர் ஏதேதோ சொல்ல, இவள் ஏதேதோ சொல்ல, எண்களும் பக்கங்களும் பறந்தன. முருகானந்தம் மிஷினை ஒரு துணியால் துடைத்துக்கொண்டே லேப்டாப்பையும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். மணி ஏழரை ஆகிவிட்டதை யாரும் கவனிக்கவில்லை. கசிந்து வந்த தண்ணீர் வட்ட வரப்பைச் சுற்றிக்கொண்டு, உள்ளே போக எங்கே வழி என்று தடவிப் பார்த்துக்கொண்டிருந்தது.

குஞ்சம்மா களிமண் உருண்டையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள். பிறகு மறுபடி இந்தக் கைக்கு.

"டீச்சரம்மா... ஏ டீச்சரம்மா! மடையைத் தொறந்துட்டு, இப்பவாச்சும் இதை மூடிடவா?"